புட்டுக்குழலில் போன தூரக்கண்ணாடி

குமரா,

இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று கிள்ளான் ஆற்றின்மீதும், அதில் என்னைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கும் முதலைகளின்மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். நீயும் நம்ப வேண்டாம். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் நீ நம்பியதில்லை. மாப்பிள்ளை ஆகப்போகும் நேரத்தில் புதுப்பழக்கம் எதற்கு? ‘சுகமாக இருக்கிறீர்களா அப்பா’ என்று தொடங்கி எழுதியிருக்கிறாய். அந்தச் ‘சுகம்’ என்ற சொல்லை இனி நம் குடும்பத்தில் யாரும் எடுக்காமலிருப்பது நல்லது. அதைக் கேட்டாலே எனக்கு ஒரு காலித் தோல்பெட்டி ஞாபகத்துக்கு வருகிறது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய உன் பத்திரிகையை மூன்று முறை படித்தேன். பெண், பிரிக்பீல்ட்ஸ் கடிகாரக் கடை சின்னையாவின் மகள் சரசு. கல்யாணம் அவர்கள் வீட்டு வாசலில். ‘பழசையெல்லாம் மறந்துவிட்டு வந்து நில்லுங்கள் அப்பா’ என்று பின்பக்கத்தில் உன் கையால் எழுதியிருக்கிறாய். மறப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதை மறக்கவேண்டும் என்று ஒருமுறை எடுத்துச் சொல்லிவிட்டு மறக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மகனுக்குத் தகப்பன் நாலு புத்தி சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த புத்தியெல்லாம் துப்பாக்கிப் புத்திதான். அதற்கு நான் என்ன செய்வது? கிள்ளானுக்குப் பக்கத்தில் அந்த ரப்பர் தோட்டத்தில் நான் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, எனக்கு வாய்த்த துரைக்கு வாழ்க்கையில் இரண்டே ஆசைகள். எட்டாத தூரத்தில் இருப்பதைச் சுடவேண்டும். சுட்ட ஓட்டை வழியாகவே இன்னொரு குண்டை அனுப்பவேண்டும். அதற்காக நல்ல பால் மரங்களை வரிசையாக வெட்டிச் சாய்த்து, பங்களாவிலிருந்து மண்மேடுவரை ஆயிரம் கெஜத்துக்கு ஒரு வெளியைத் திறந்து வைத்திருந்தார். அந்த வெளியின் ஒரு கோடியில் நின்று பார்த்தால் மறுகோடியில் நேற்று நடப்பது தெரியும். துரை துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினால் பந்திங்கில் காட்டுப்பன்றிகள் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொத்தைப் பிரித்துக்கொடுக்கும். அவர் குறிவைத்து மூச்சைப் பிடித்தால் காற்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் பக்கத்தில் குப்புறப் படுத்து, குண்டு போவதைக் கண்ணால் பார்த்து, போகிற வழியில் அது எந்த மரத்திடம் நலம் விசாரித்தது என்பதுவரை துரைக்குச் சொல்வேன்.

கடையில் விற்கும் தோட்டா அவருக்கு அவமானம். சுட்டுமுடித்த பித்தளைக் கூட்டைத் துடைத்து, பழைய அளவுக்கு அழுத்தி, அடியில் புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டை உட்காரவைக்கவேண்டும். அதைச் செய்யும் உரிமை எனக்கு மட்டும். தட்டானிடம் வாங்கிய தராசில் குன்றிமணியை எடைக்கல்லாக வைத்து நிறுப்பேன். உனக்கு மீசை முளைத்ததும் அந்தத் தராசில் உன்னையும் உட்காரவைத்தேன். ஒரு துளி மருந்து கூடினால் குண்டு மேலே போகும், குறைந்தால் மண்ணைத் தின்னும் என்று உனக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான். எடையில் உன் கை என் கையைவிடச் சுத்தம். அதை அப்போது ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தச் சுத்தத்துக்கு என்ன பலன் கிடைத்தது என்று பின்னால் வரும். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். நம் ஊர் வெயிலில் கிடந்த தோட்டா, நிழலில் கிடந்த தோட்டாவைவிட மேலே அடிக்கும். மருந்து சூடேறினால் அதற்குக் கோபம் அதிகம். அதனால்தான் தோட்டாக்களை ஈரச்சாக்கில் சுற்றி வைப்போம். நீயும் மாமனார் வீட்டுக்கு வெயிலில் நடந்துபோனால், போனதும் வாயைத் திறக்காதே. கொஞ்ச நேரம் நிழலில் இரு.

இதெல்லாம் பரிவாரம். ராஜா யார் என்றால், துப்பாக்கியின் தலையில் உட்கார்ந்திருந்த தூரக்கண்ணாடி. முழங்கை நீளத்தில் கருப்பு இரும்புக் குழல். முன்னால் இருபது காசு நாணயத்தின் அகலத்தில் ஒரு கண்ணாடி, கண் வைக்கும் பக்கம் ஒன்று, தலைகீழாகத் தெரியும் உலகத்தை நேராக நிமிர்த்துவதற்கு நடுவில் இரண்டு. உள்ளே குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு மெல்லிய நூல். ஒருமுறை அந்த நூல் அறுந்தபோது, நானே ஒரு சிலந்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி நெய்யவைத்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். மேலே ஒரு திருகு. இருநூறு கெஜம், ஐந்நூறு கெஜம் என்று தூரத்துக்குத் தக்கபடி திருகவேண்டும். சுட்டு முடிந்ததும் அதை நூறு கெஜத்துக்குத் திருப்பிவைக்காமல் துரை எழுந்திருக்கமாட்டார். ‘வூட்டுக்குத் திருப்பு கிராணி’ என்பார். மறந்தால் அடுத்த முறை எடுக்கிறவன் எல்லாவற்றையும் தப்பாகச் சுடுவான். தப்பு தன்னுடையது என்றும் நினைத்துக்கொள்வான். குடும்பத்துக்கும் இதையேதான் சொல்வேன். வெளியில் எத்தனை தூரத்துக்கு வேண்டுமானாலும் திருகிக்கொள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வீட்டுக்குத் திருப்பிவிடு. சரசுவுக்கு நீ இருக்கும் அளவு தெரிந்திருக்கவேண்டும். எனக்கு அது கிடைக்கவில்லை.

ஜப்பான்காரன் வடக்கேயிருந்து இறங்கி வருகிறான் என்றதும் துரை காரில் சிங்கப்பூருக்குக் கிளம்பினார். பங்களாப் படியில் நின்று துப்பாக்கி, தூரக்கண்ணாடி இரண்டையும் என் கையில் கொடுத்தார். “துப்பாக்கிய கேட்டா குடுத்துடு கிராணி. அது போனா வேற வாங்கலாம். இது போனா வேற இல்லே. நான் திரும்பி வருவேன்” என்றார். வாக்குக் கொடுத்தேன். நான் வாழ்க்கையில் கொடுத்த வாக்குகளை அடுக்கினால் பத்துமலை உயரம் வரும். அதில் உச்சியில் வைத்தது இந்த ஒன்றைத்தான். ஆயுதமோ அதன் உறுப்போ எவன் வீட்டிலாவது கிடைத்தால் தலை போகும் என்று, வந்து இறங்கிய ஜப்பான்காரன் உத்தரவு போட்டான். துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். தூரக்கண்ணாடியை மூங்கில் புட்டுக்குழலுக்குள் இறக்கி, இரண்டு பக்கமும் புட்டை வைத்து அடைத்து, வாழை இலையால் மூடி, சைக்கிளில் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு மிதித்தேன். பாலத்தடியில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாயைக் கும்பிட்டேன். குழலைத் தட்டிக் காட்டி என்னவோ கேட்டான். “மாக்கான், துவான், மாக்கான்” என்று, சாப்பாடு ஐயா என்பதை மலாயில் சொன்னேன். இலையைப் பிரித்து விரலை விட்டுத் தோண்டித் தின்றான். நன்றாக இருந்தது போலிருக்கிறது. மறுபடி தோண்டினான். இன்னும் ஒரு வாய் அவனுக்குப் பசித்திருந்தால் இந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் தகப்பன் இல்லை.

சின்னையாவிடம் ஏன் கொண்டுபோனேன் என்று உனக்குத் தெரியும். ஒரே கப்பலில், ஒரே பாயில் படுத்து வந்தவர்கள் நாங்கள். கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் பழுதுபார்க்கும் கடை. கண்ணாடிக் குவியலில் ஒரு கண்ணாடியை எவன் தேடுவான் என்று கணக்குப்போட்டேன். தூரக்கண்ணாடியின் தோல்பெட்டியை மறுநாள் நீ துணிமூட்டையில் வைத்து எடுத்துவந்தாய். சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் தோட்டங்களில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம். உன்னைத் தோட்டத்தில் வைத்திருக்கப் பயந்து, கடையாளாக அங்கேயே விட்டேன். நம் காற்றின் ஈரத்துக்குக் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும் என்று, வறுத்த அரிசியை ஒரு முடிச்சாகக் கட்டிப் பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சுற்றி நானே மெழுகை உருக்கி ஊற்றினேன். “தொரை வர்ற வரைக்கும் தொறக்காதே. தொறந்தா பூஞ்சை வந்துரும்” என்றேன். “தொறக்க மாட்டேண்ணே. என் பொண்ணு மாதிரி பாத்துக்கிறேன்” என்றான் சின்னையா. அவன் பெண்ணைத்தான் இப்போது நீ கட்டிக்கொள்கிறாய். என் பெட்டி எப்படி ஆயிற்று என்பதை அவன் சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லிவிடாதே. பயந்துவிடுவார்கள்.

வாராவாரம் வந்தேன். நாலுபேர் காதில் விழும்படி தூரக்கண்ணாடி என்று கேட்கமுடியுமா? ‘பெரியம்மா’ என்று பேர் வைத்தோம். கடைக்குள் நுழைந்து சைக்கிளைச் சாத்தியதும், “பெரியம்மா சொகமா சின்னையா?” என்பேன். “சொகமாத் தூங்குதுண்ணே” என்பான். நீ கடிகாரத்தைவிட்டுத் தலையைத் தூக்காமல் “சொகந்தாம்பா” என்பாய். மாடியில் படுத்த படுக்கையாக ஒரு கிழவி இருக்கிறாள் என்று தெருவே நம்பிவிட்டது. அரிசி கண்ணில் படாத காலத்தில், மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு ஊதிய காலத்தில், பக்கத்துவீட்டு அக்கா பெரியம்மாவுக்கென்று கஞ்சி கொடுத்தனுப்புவாள். அதை நீ குடித்தாய். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த வருஷமே என் மூக்குக்கண்ணாடி உடைந்தது. எழுத்து தெரியாமல் ஸ்டோரில் உப்புக்கும் சீனிக்கும் சண்டை மூட்டிக்கொண்டிருந்தேன். சின்னையாதான் ஒன்று செய்துகொடுத்தான். வலக்கண்ணுக்கு மட்டும் பித்தளை வளையத்தில் குட்டியாய் ஒரு கண்ணாடி. மற்றக் கண்ணுக்கு வெறும் ஜன்னல் கண்ணாடி. செந்தூலில் இறந்துபோன ஒரு ரயில்வே கிராணியுடையது என்றான். மாட்டிப் பார்த்தேன். எழுத்துகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லின. செத்தவர் புண்ணியவான், அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன். நீ அப்போதும் தலையைத் தூக்கவில்லை.

நடுவில் சில நாள் நான் வரவில்லை. வந்ததும் உங்களுக்கு ஒரு கதை சொன்னேன், நினைவிருக்கும். துரையின் துப்பாக்கியில் தூரக்கண்ணாடி இருந்ததே, அது எங்கே என்று எவனோ போட்டுக்கொடுக்க, கிள்ளானில் ஜப்பான் அதிகாரி என்னை அழைத்தார். நாற்காலி போட்டார். தேநீர் கொடுத்தார். ‘அதை ஆற்றுக்குக் கழுவக் கொண்டுபோனேன் துவான், முதலை விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த முதலைக்கு மலாக்காவில் மேயும் கோழிகூடப் பக்கத்தில் தெரிகிறது’ என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் இடுப்பு வாள் கழன்று விழுந்தது. முதலையைப் பிடிக்கப் படகு அனுப்பினார். நான்தான் வழிகாட்டி. முதலைக்குக் கோபம் வந்து என் இடதுகையில் இரண்டு விரலைக் கவ்வியது. நான் திட்டிய திட்டில் விட்டுவிட்டது. இதை நான் கைக்கட்டோடு நடித்துக்காட்ட, நீங்கள் மூன்றுபேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். “முதலைக்கே ஒங்க வாயைப் பாத்து பயம் வந்துருச்சுண்ணே” என்றான் சின்னையா. “ராவாங் பக்கம் கெழங்கு யாவாரத்துக்குப் போயிட்டு, லோரி கதவுல வெரல நசுக்கிக்கிட்டு வந்து கதை வுடறாரு” என்று நீ சரசுவிடம் மெதுவாகச் சொன்னாய். என் காது கிள்ளானிலிருந்து கேட்கும் காது. எதிரே நின்று பேசினால் கேட்காதா?

ஜப்பான்காரன் போனான். துரை திரும்பி வந்தார். சிறைமுகாமில் இருந்து வந்த அவரை, சட்டை நடந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய சட்டைக்குள் ஆள் தேடவேண்டியிருந்தது. படியேறியதும் கேட்ட முதல் கேள்வி, “கிராணி, அது இருக்கா?” என்பது. “இருக்கிறது துரை” என்றேன். அன்றைக்கு என் நெஞ்சு இருந்த அகலத்துக்கு பங்களா வாசல் போதவில்லை. பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து பெட்டியை வாங்கினேன். கையில் ஏந்திப் பார்த்தேன். அதே எடை. மெழுகு அப்படியே இருந்தது. நீயும் என்னோடு கிள்ளானுக்கு வந்தாய். மறுநாள் காலையில் என் வெள்ளைச் சட்டைக்கு நீயே இஸ்திரி போட்டாய். காலரை இரண்டு தடவை தேய்த்தாய். அந்த நேரத்தில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, “போய்ட்டு வாங்கப்பா” என்றாய்.

கிராணிகள், கங்காணிகள், டிரைவர், பங்களா சமையல்காரர் என்று எல்லோரையும் நான்தான் வரச்சொல்லியிருந்தேன். இந்த மாதிரிக் காட்சி அவர்கள் ஆயுளில் இன்னொரு முறை வராது என்று வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன். அந்த ஒரு விஷயத்தில் நான் மிகைப்படுத்தவில்லை. துரை முன்னால் மண்டியிட்டு, கத்தியால் மெழுகைக் கீறி, பெட்டியைத் திறந்து, குழலை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினேன். துரை அதைக் கண்ணில் வைத்துத் தூரத்துக் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழலை என்னிடம் கொடுத்து, “நீ பாரு” என்றார். பார்த்தேன். கொடிக்கம்பம் இருந்த இடத்திலேயே, இருந்த அளவிலேயே நின்றது. குழலின் முன்பக்கத்தில் விரலை விட்டேன், உள்ளே போயிற்று. அது வெறும் குழாய். அரிசி முடிச்சை அவிழ்த்தேன். துரையின் கால்மேல் மணல் கொட்டியது. கண்ணாடிகள் போன எடையை மணலால் சரிக்கட்டி, மெழுகையும் புதிதாக ஊற்றியிருந்தது. ஒரு குன்றிமணி கூடவுமில்லை, குறையவுமில்லை. அந்த எடை எந்தக் கையின் எடை என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. “ஜப்பான்காரனுக்கு வித்துட்டே” என்றார் துரை. சத்தம்கூடப் போடவில்லை. பின்னால் நின்ற டிரைவர், “முதலை முழுங்கியிருக்கும் தொர” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. சைக்கிள் என்னைக் கொண்டுவந்தது. அதற்குள் நீயும் ரயிலில் கடைக்குத் திரும்பியிருந்தாய். அன்று அங்கே பேசியதை நீயும் கேட்டாய். இருந்தாலும் எழுதிவைக்கிறேன், உன் பிள்ளைகள் படிக்கட்டும்.

“பெரியம்மா எங்கடா?” என்றேன்.

“உக்காருங்கண்ணே. டீ சொல்றேன்.”

“பெரியம்மா எங்க?”

“ஒங்க மூக்குமேலதாண்ணே இருக்கு” என்றான் சின்னையா.

கழற்றிப் பார்த்தேன். முன் கண்ணாடி. வருஷக்கணக்காகப் பெரியம்மாவை மூக்கில் வைத்துக்கொண்டே பெரியம்மா சுகமா என்று கேட்டிருக்கிறேன். பின் கண்ணாடியைக் கடிகாரம் பார்க்கத் தன் கண்ணில் இடுக்கிக்கொண்டிருந்தான் அவன்.

“லோரி ரெண்டு கடை தள்ளி வந்து நின்னுச்சுண்ணே. வூடு வூடா பூந்து தேடறான். குமரன்தான் திருப்புளிய எடுத்தான், மடமடன்னு கழட்டினோம். முழுசா இருந்தா எல்லாருக்கும் தல போயிருக்கும். தனித்தனியா கெடந்தா வெறும் கண்ணாடிதான் லா.”

“நல்ல காரியம் செஞ்சே. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். அந்த வாரம் நான் வந்தேனே, அப்ப சொல்லியிருக்கலாமே.”

“ஒங்க வாய் எனக்குத் தெரியாதாண்ணே? சொன்னா மறுநாளே கிள்ளான் பாசார்ல கதையா ஓடும். எல்லாரும் சாவணும்.”

“சரிடா. ஜப்பான்காரன் போனப்புறம்?”

அவன் மேசைமேல் குனிந்துகொண்டான். உன்னைப் பார்த்தேன். நீ ஒரு கடிகாரத்தைத் திறந்து, திறந்ததையே மறுபடி மூடினாய். உள்ளேயிருந்து சரசு ஒரு சிகரெட் டின்னோடு வந்தாள். திறந்து என் முன்னால் வைத்தாள். நடுக்கண்ணாடிகள் இரண்டும் அதில் இருந்தன.

“தீப்பெட்டி கெடைக்காதப்போ, வெயில்ல இத வச்சு தேங்காநார்ல நெருப்பு புடிப்பேன் மாமா. எடுத்துக்குங்க” என்றாள்.

நான் எடுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அந்த வீட்டில் என்னிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அவள்தான். பெரியம்மாவைப் பற்றி நான் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

கழற்றியது எனக்குக் காந்தவில்லை. அரிசியைத் தின்றதும் காந்தவில்லை. தின்னாமலிருந்தால்தான் திட்டியிருப்பேன். ஊருக்கெல்லாம் பொய் சொல்கிறவனுக்கு நாமும் சொன்னால் என்ன என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. ஆனால் என் பொய்யை நம்பி எவனும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்குப் போனதில்லை. கேட்கும்போதே பொய் என்று தெரிகிற மாதிரிதான் நான் சொல்வேன், அது ஒரு மரியாதை. நீங்கள் சொன்ன ‘சொகம்’ அப்படி இல்லை. அதில் ஒரு சிரிப்புகூட இல்லை. அது சரியாக நிறுத்த பொய். இன்று துரை என்னைத் தாண்டிப் போகும்போது மரத்தைப் பார்க்கிறார். ஸ்டோர் சாவி வேறொருவன் இடுப்பில் தொங்குகிறது. தொழிலாளர் லைன் வீடுகளில் என்னை ‘ஜப்பான் கிராணி’ என்கிறார்கள். துரையிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. சொன்னால் சின்னையாவின் பேரைச் சொல்லவேண்டும், உன் பேரைச் சொல்லவேண்டும். அந்த இரண்டு பேரையும் வெளியே விடாமல் வைத்திருந்து என் வாய்க்குப் பழக்கமாகிவிட்டது.

ஆகவே ஒரே ஒரு வேலை சொல்கிறேன். இந்தக் கடிதத்தோடு என் மூக்குக்கண்ணாடியை மடித்து அனுப்புகிறேன். பித்தளை வளையத்தைப் பிரித்துப் பெரியம்மாவின் முன்கண்ணை எடு. சின்னையா தன் கண்ணில் இருப்பதைக் கழற்றட்டும். சரசு டின்னைக் கொண்டுவரட்டும். காலிக் குழல் துரையின் மேசையில்தான் கிடக்கிறது. முகூர்த்தத்துக்கு முன்னால் நீயும் உன் மாமனும் பங்களாப் படியேறி, துரையின் முன்னால் அதைப் பூட்டிக்கொடுத்து, விற்றது கிராணி இல்லை என்று உங்கள் வாயால் சொல்லவேண்டும். டிரைவரும் கங்காணிகளும் நிற்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். உள்ளே அந்த நூல் இருக்காது, அதற்கு நான் ஒரு சிலந்தியிடம் பேசிக்கொள்கிறேன். அதைச் செய்தால் உன் பந்தலில் வந்து நிற்பேன். என் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டுக்கொள்வேன். இதற்குப் பதில் எழுதாதே. கண்ணாடி உன்னிடம் இருக்கிறது, எழுதினால் எனக்குப் படிக்க வராது. வந்து சொல்.

இந்தக் கடிதத்தில் எதை நம்புவது என்று நீ குழம்பக்கூடாது. பந்திங் பன்றிகள் சொத்தைப் பிரிக்கவில்லை. சிலந்தி நான் கூப்பிட்டு வரவில்லை. தேநீர் பொய். படகு பொய். முதலை பாவம், அது என் விரலைத் தொடவில்லை. அதிகாரி சிரிக்கவும் இல்லை. யாரிடம் கொடுத்தாய் என்று கேட்கும்போதெல்லாம் நான் முதலை என்றேன், அவர்கள் மறுபடி கேட்டார்கள். ஒருமுறை கன்னத்தில் அறைந்ததில் என் மூக்குக்கண்ணாடி தெறித்துச் சுவரோரம் விழுந்தது. அதிகாரி அதை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, துடைத்து, என் மூக்கிலேயே மாட்டிவிட்டான். எதைத் தேடினானோ அது அவன் விரலில் இருந்தது. அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் பிரிக்பீல்ட்ஸில் இருந்தீர்கள். அந்த அதிகாரி எனக்கு நாற்காலி போட்டார் என்று சொன்னேன் அல்லவா குமரா? நாற்காலி மட்டும் உண்மை. அதில்தான் என்னைக் கட்டியிருந்தார்கள்.

அப்பா